ஐம்பத்தாறு வயதில் ஸ்பார்க்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த மூன்று நான்கு வருடங்களாக என் காரில் ஓடுவது ஸ்பார்க்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் பாட்டுகள். காரில் ஏறுகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. சிலர் ஆர்வத்தில் கேட்கிறார்கள். சிலர் "இதை நிறுத்தித் தொலையேன்" என்பதைக் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்வதற்காகக் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் எழுதி வைத்துவிடுகிறேன்.

பாடுவது ஆணா, பெண்ணா?

ஆண்தான். ரசல் மேல், 1948-இல் பிறந்தவர். பாட்டு எழுதுவதும் கீபோர்டு வாசிப்பதும் அவருடைய அண்ணன் ரான் மேல், 1945-இல் பிறந்தவர். இருவரும் லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள். குழுவின் பெயர் ஸ்பார்க்ஸ். கிடார், டிரம்ஸ் ஆட்கள் வருவார்கள், போவார்கள். ஐம்பது வருடத்துக்கும் மேலாக மாறாமல் இருப்பது இந்த அண்ணன் தம்பி மட்டும்தான்.

'மேல்' என்ற இந்தக் குடும்பப் பெயரைத் தமிழில் எழுதுவது ஒரு தலைவலி. "ரசலுக்கு ரான் மேல் மரியாதை" என்று எழுதினால் அதில் பெயர் எங்கே முடிகிறது என்றே தெரியாது. அதனால் இனி வெறும் ரான், ரசல்.

பெயரைக் கேள்விப்பட்டதே இல்லையே. அவ்வளவு பெரிய ஆட்களா?

பெரிய ஆட்கள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு காலத்தில் பெரிய ஆட்களாக இருந்தார்கள், அவ்வளவுதான். 1974-இல் பிரிட்டனில். 1979-இல் மறுபடியும் பிரிட்டனில், ஆனால் வேறு மாதிரி இசையோடு. 1980 வாக்கில் பிரான்ஸில். எண்பதுகளின் தொடக்கத்தில் சொந்த ஊரான லாஸ் ஏஞ்சலஸில். 1994-இல் ஜெர்மனியில். பிரான்ஸில் அவர்களை ரசித்தவருக்கு இவர்கள் டிஸ்கோ ஆட்கள், லண்டன்காரருக்கு ராக் ஆட்கள். ஒரு ஊர் ரசிகர் இன்னொரு ஊர் ரசிகரிடம் பேசினால் வேறு வேறு குழுவைப் பற்றிப் பேசுவது போலிருக்கும். அமெரிக்க ஹிட் பட்டியலில் அவர்கள் தனிப்பாடல் ஒன்று எட்டிய உச்ச இடம் 49. அதுவும் 1983-இல், ஜேன் வீட்லின் என்ற பாடகியோடு சேர்ந்து பாடிய 'கூல் ப்ளேசஸ்'. பிரிட்டனில் பலர் இவர்களை இன்றுவரை ஆங்கிலேயர்கள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்களுக்கு எங்கே கிடைத்தார்கள்?

இரண்டு தடவை கிடைத்தார்கள். முதல் தடவை எனக்கே தெரியாமல்.

1984, மதுரை. அப்போது ரெக்கார்டிங் சென்டர்கள் உண்டு. வெற்றுக் கேசட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் பாட்டுப் பட்டியலும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு மூன்று நாளில் பதிந்து தருவார்கள். நான் டோனா சம்மர் பாட்டுகளாக எழுதிக் கொடுத்திருந்தேன். பட்டியல் தீர்ந்தும் டேப் கொஞ்சம் மிச்சம். அந்தக் கடை அண்ணன் டேப்பைச் சும்மா விடமாட்டார். அதே மாதிரித் தாளம் உள்ள எதையோ கடைசியில் போட்டுத் தந்தார். யார் பாடியது என்று கேட்டேன். "டிஸ்கோ தம்பி" என்றார். நான்கு வருடம் அந்தக் கேசட் ஓடியது. அப்புறம் வேலை, கல்யாணம், இளையராஜா, ரஹ்மான், பிள்ளைகள் படிப்பு.

இரண்டாவது தடவை 2021 கடைசியில். மகள் லேப்டாப்பில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் குழந்தைக்குப் பதில் மரப்பாவை மாதிரி ஒரு பொம்மை. எல்லோரும் வசனத்தைப் பாட்டாகவே பாடிக்கொண்டிருந்தார்கள். லியோஸ் கராக்ஸ் எடுத்த 'அனெட்'. கதையும் இசையும் ஸ்பார்க்ஸ். யார் இந்தக் கிறுக்கர்கள் என்று தேடினேன். தேடிய இடத்தில் 1979-ஆம் வருடத்துப் பழைய வீடியோ ஒன்று ஓடியது. நான்காவது நொடியில் எனக்கு மதுரைக் கடையின் ஊதுவத்தி வாசனை வந்துவிட்டது. பாட்டின் பெயர் 'பீட் த க்ளாக்'. தெரிந்துகொள்ள முப்பத்தேழு வருடம் ஆகியிருக்கிறது.

அந்த மீசைக்காரர் ஏன் முறைக்கிறார்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். 1974 மே மாதம், பிரிட்டனில் வியாழக்கிழமைதோறும் நாடே பார்த்த 'டாப் ஆஃப் த பாப்ஸ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி. சுருள்முடித் தம்பி மேடையெல்லாம் துள்ளிக் குதித்துப் பாடுகிறார். பக்கத்தில் அண்ணன். படிய வாரிய முடி, பொத்தான் போட்ட சட்டை, மூக்குக்குக் கீழே சாப்ளினா ஹிட்லரா என்று சொல்ல முடியாத ஒரு சதுர மீசை. அசைவே இல்லை. வட்டி கட்டாதவனைப் பார்ப்பது போல நேராகக் கேமராவைப் பார்க்கிறார். அந்த மூன்று நிமிடத்தில் நாடு முழுக்கக் குழந்தைகள் பயந்தார்கள், அடுத்த நாள் பள்ளியில் வேறு பேச்சே இல்லை என்று அந்தக் காலத்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

1980-இல் பால் மெக்கார்ட்னி தன் 'கமிங் அப்' வீடியோவில் பல இசைக்கலைஞர்களைப் போல வேடம் போட்டார். அதில் ஒரு வேடம் ரான். பீட்டில்ஸ்காரர் ஒருவர் உங்கள் மீசையை ஒட்டிக்கொண்டு நடிக்கிறார் என்றால் வேறென்ன வேண்டும்? இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ரானுக்குப் பதினொரு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அப்புறம் பிள்ளைகள் இருவரையும் காரில் லாஸ் வேகாஸ் வரை கூட்டிப்போய் பீட்டில்ஸ் கச்சேரி காட்டியவர் அவர்கள் அம்மா.

சதுர மீசை எப்போதோ போய்விட்டது. இப்போது இருப்பது பென்சிலால் கோடு போட்டது போன்ற மெல்லிய மீசை. முறைப்பு அப்படியே இருக்கிறது. கச்சேரியில் ஒரே ஒரு இடத்தில் எழுந்துவருவார். மேடை நடுவே நின்று, முகத்தில் பெரிய சிரிப்போடு கைகால்களை வீசி ஒரு குட்டி ஆட்டம் போடுவார். சில நொடிதான். மறுபடி போய் உட்கார்ந்து முறைக்க ஆரம்பித்துவிடுவார். கூட்டம் அதற்காகவே காத்திருக்கும்.

குரல் ஏன் அவ்வளவு உச்சத்தில்?

1974-இல் அந்த நிகழ்ச்சியில் பாடிய 'திஸ் டவுன் எய்ன்ட் பிக் இனஃப் ஃபார் போத் ஆஃப் அஸ்' பாட்டை ரான் எழுதியபோது கைக்கு வந்த சுருதி ஏ. நம் கணக்கில் ஆறு கட்டை. தம்பிக்கு எட்டுமா என்று அவர் யோசிக்கவில்லை. சுருதியை இறக்கவும் ஒத்துக்கொள்ளவில்லை. பாடகனுக்காகப் பாட்டு இறங்கிவராது என்பது அவர் கொள்கை. ரசல் வேறு வழியில்லாமல் ஏறிப் பாடினார். பாட்டு பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது. அண்ணன் எழுதியதைத் தம்பி மூச்சுப் பிடித்துப் பாடுவது அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது. நம் வீடுகளிலும் அண்ணன்கள் இப்படித்தானே.

சீரியஸா பாடுகிறார்களா, கிண்டலா?

இருபது வயதில் கேட்டிருந்தால் கிண்டல் என்று சொல்லி முடித்திருப்பேன். ஆல்பம் அட்டைகளே அப்படி. 1974-இல் வந்த 'கிமோனோ மை ஹவுஸ்' அட்டையில் குழுவின் பெயர் இல்லை, ஆல்பத்தின் பெயர் இல்லை, இவர்கள் படமும் இல்லை. கிமோனோ கட்டிய இரண்டு பெண்கள், ஒப்பனை கலைந்து நிற்கிறார்கள். அதே வருடம் வந்த 'ப்ரோபகாண்டா' அட்டையில் சகோதரர்கள் இருவரையும் கைகட்டி வாய்கட்டி ஒரு விசைப்படகில் போட்டிருக்கிறது. 1982-இல் 'ஆங்ஸ்ட் இன் மை பேன்ட்ஸ்' அட்டையில் கல்யாணக் கோலம். மாப்பிள்ளை தம்பி. மணப்பெண், மீசையோடு, அண்ணன்.

பாட்டுகளின் விஷயமும் முதல் தடவை கேட்கும்போது சிரிப்பாகத்தான் இருக்கும். 'டேலன்ட் இஸ் அன் அசெட்' பாட்டு ஐன்ஸ்டைனின் சின்ன வயதைப் பற்றியது. பாடுவது அவரைச் சுற்றி நிற்கும் உறவுக்காரர்கள். புத்திசாலிப் பிள்ளை, யாரும் தொந்தரவு பண்ணாதீர்கள், தள்ளிப் போங்கள் என்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் எந்தத் தமிழ் வீட்டிலும் மார்ச் மாதம் கேட்கும் பேச்சு. 'பீட் த க்ளாக்' பாட்டின் நாயகன் இரண்டு வயதில் பள்ளியில் சேர்ந்து அன்று மத்தியானமே முனைவர் பட்டம் வாங்கிவிடுகிறவன்.

சரி, இப்போது மற்றொரு வரிசையைப் பாருங்கள். 'ஹியர் இன் ஹெவன்' பாட்டில் ரோமியோ சொர்க்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். சேர்ந்து சாகலாம் என்று பேச்சு. இவன் செத்துவிட்டான், ஜூலியட் மனசு மாறிவிட்டாள். அவள் எப்போது வருவாள் என்று மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். 'ஈக்வேட்டர்' பாட்டில் ஒருவன் பூமத்திய ரேகையில் காதலிக்காகக் காத்திருக்கிறான். பூமத்திய ரேகையில் எந்த இடம் என்று பேசிக்கொள்ளவில்லை போல. கொண்டுவந்த பரிசுகள் உருகியும் வாடியும் போகின்றன. அவள் வரவில்லை. 'பான் வாயாஜ்' பாட்டை நோவாவின் கப்பலில் இடம் கிடைக்காத உயிர்கள் பாடுகின்றன. ஏறிக்கொண்டவர்களுக்குக் கரையில் நின்று நல்லபடி போய்வாருங்கள் என்று கையசைக்கின்றன. மழை ஏற்கெனவே ஆரம்பித்தாயிற்று.

மூன்றுமே 1974-இல் வந்தவை. எழுதியவருக்கு வயது இருபத்தெட்டு, இருபத்தொன்பது. 'பான் வாயாஜ்' பாட்டை முதலில் கேட்டபோது சிரித்தேன். நான்காவது ஐந்தாவது தடவை, அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவர் ஒருவருக்கு விடைகொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் கேட்டேன். அவருக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை, மாலை போட்டு அனுப்பிவைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ரான் எழுதும் ஆட்களில் பாதிப் பேர் வராத ஒன்றுக்காகக் காத்திருக்கிறவர்கள். அவர்கள் அழுவதில்லை, நியாயம் கேட்பதில்லை. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஜோக் அடிக்கிறார்கள். அந்த முறைப்பு எதற்கு என்று எனக்கு அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டது.

அதனால் சீரியஸா கிண்டலா என்று கேட்டால், இரண்டும் ஒரே ஆள்தான்.

நடுவில் காணாமல் போய்விட்டார்களாமே?

பல தடவை. பெரியது 1988-க்கும் 1994-க்கும் நடுவே. அந்த ஆறு வருடத்தில் ஒரு ஆல்பம் கூட இல்லை. ஒரு ஜப்பானியப் படக்கதையை இசைப்படமாக எடுப்பதாக இருந்தது, டிம் பர்ட்டன் இயக்குவதாகப் பேச்சு. இருவரும் உட்கார்ந்து பாட்டுகளை எழுதிக்கொண்டே இருந்தார்கள். படம் நடக்கவில்லை. அதற்கு முன்னால் எழுபதுகளில் பிரெஞ்சு இயக்குநர் ழாக் தாத்தியின் 'கன்ஃபியூஷன்' என்ற படத்தில் நடிப்பதாக இருந்தார்கள். அதுவும் நடக்கவில்லை.

ஆறு வருடம் வீணான பிறகு 1994-இல் வந்த பாட்டின் தலைப்பு 'வென் டூ ஐ கெட் டு சிங் மை வே'. ஃப்ராங்க் சினாட்ரா தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து நிமிர்ந்து நின்று பாடிய பாட்டு 'மை வே'. அதைப் பாடும் முறை எனக்கு எப்போது வரும் என்று கேட்கிறான் இவன். அது ஜெர்மனியில் பெரிய ஹிட். மேலே சொன்ன காத்திருக்கிறவர்கள் பட்டியலில் இவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட ஆசை கடைசியில் நிறைவேறியது. 2021 ஜூலையில் கான் திரைவிழாவின் தொடக்கப் படம் 'அனெட்'. கராக்ஸுக்குச் சிறந்த இயக்குநர் பரிசு. அடுத்த வருடம் இசைக்காக இவர்களுக்கு பிரான்ஸின் சேசார் திரைப்பட விருது. ரானுக்கு அப்போது 76 வயது.

எதில் ஆரம்பிக்கலாம்?

உங்களைப் பொறுத்தது. வேகமும் சத்தமும் பிடிக்கும் என்றால் 'கிமோனோ மை ஹவுஸ்'. முப்பத்தைந்து நிமிடம்தான், ஒரு பாட்டு கூடத் தள்ளிவிட முடியாது. பயமாக இருந்தால் முதலில் 'நெவர் டர்ன் யுவர் பேக் ஆன் மதர் எர்த்' மட்டும் கேளுங்கள். இரண்டரை நிமிட மெல்லிசை, கேட்டுவிட்டு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

எண்பதுகளில் காலேஜ் படித்தவர்கள் 'நம்பர் ஒன் இன் ஹெவன்' கேட்க வேண்டும். 1979, ஜியார்ஜியோ மொரோடர் தயாரிப்பு. அவரோடு சேர்ந்து வேலை செய்யப் போகிறோம் என்று பேட்டி ஒன்றில் சும்மா அடித்துவிட்டார்களாம். பேட்டி எடுத்தவர் மொரோடருக்குத் தெரிந்தவர். பொய் அப்படியே உண்மையாகிவிட்டது. கிடாரை மூட்டை கட்டிவிட்டு சிந்தசைசரையும் டிரம்ஸையும் மட்டும் வைத்து ஆறே பாட்டு. முன்னால் ஒரு பாடகர், பின்னால் கீபோர்டோடு சிலை மாதிரி ஒருவர் என்ற இரட்டையர் அமைப்பு எண்பதுகளில் எத்தனை குழுக்களில் வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது 2002-இல் வந்த 'லில் பீத்தோவன்'. தாளத்தைக் கிட்டத்தட்ட முழுக்கத் தூக்கிவிட்டு வயலின்களையும் அடுக்கடுக்கான குரல்களையும் வைத்துக் கட்டியது. அதில் 'மை பேபிஸ் டேக்கிங் மீ ஹோம்' என்று ஒரு பாட்டு. அவள் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகிறாள் என்ற ஒரே வரி, நடுவில் கொஞ்சம் பேச்சு, மறுபடி அதே வரி. மனைவி "ஊசி மாட்டிக்கிச்சா?" என்று கேட்டாள். நம் கச்சேரியில் நிரவல் பாடும்போது வரி நிற்கும், ராகம் அலையும். இங்கே வரியும் நிற்கிறது, மெட்டும் ஏறக்குறைய நிற்கிறது. சுற்றியுள்ள வாத்தியங்கள் மட்டும் பெருகிக்கொண்டே போகின்றன. கடைசியில் அந்த ஆள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டான் என்று நமக்கே நிம்மதியாகிவிடுகிறது. ஸ்பார்க்ஸ் பாட்டில் இப்படி நடப்பது அபூர்வம்.

எதைத் தவிர்க்கலாம்?

1977-இல் வந்த 'இன்ட்ரட்யூசிங் ஸ்பார்க்ஸ்'. 1986, 1988 ஆல்பங்கள். ரசிகர்கள் கோபப்படுவார்கள், பரவாயில்லை.

வரிகள் வேகமாக ஓடுகின்றன, புரியவில்லை.

எனக்கும்தான். வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டியிருக்கிறது. சிலேடை வேறு. 'கிமோனோ மை ஹவுஸ்' என்பதே, என் வீட்டுக்கு வா என்று அழைக்கும் ஒரு பழைய அமெரிக்கப் பாட்டின் தலைப்பைத் திருகியது. காளமேகம் பரம்பரையில் வந்த நமக்கு இது பெரிய தடை இல்லை.

ஸ்பார்க்ஸ் என்ற பெயர் எப்படி வந்தது?

முதலில் குழுவின் பெயர் ஹாஃப்நெல்சன். மல்யுத்தப் பிடி ஒன்றின் பெயர். 1971-இல் டாட் ரண்ட்கிரன் தயாரித்த முதல் ஆல்பம் விற்கவில்லை. கம்பெனி முதலாளி ஆல்பர்ட் கிராஸ்மன் பெயரை மாற்றச் சொன்னார். மார்க்ஸ் பிரதர்ஸ் என்ற நகைச்சுவைச் சகோதரர்களைப் போல 'ஸ்பார்க்ஸ் பிரதர்ஸ்' என்று வைக்கலாம் என்றார். இவர்களுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பேரம் பேசி 'பிரதர்ஸ்' என்பதை வெட்டிவிட்டார்கள். 2021-இல் எட்கர் ரைட் இவர்களைப் பற்றி இரண்டே கால் மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் ஒரு ஆவணப்படம் எடுத்தார். அதன் பெயர் 'தி ஸ்பார்க்ஸ் பிரதர்ஸ்'.

எல்லா ஆல்பத்தையும் மேடையில் பாடினார்களாமே, உண்மையா?

உண்மை. 2008 மே, ஜூன் மாதங்களில், லண்டனில். அதுவரை வந்த இருபது ஆல்பங்களை ஒரு இரவுக்கு ஒன்று என்று முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை பாடினார்கள். இருபத்தோராவது இரவு புது ஆல்பம். மொத்தம் 250 பாட்டுக்கு மேல். பல பாட்டுகளை அதற்கு முன் மேடையில் பாடியதே இல்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து தங்கள் பாட்டைத் தாங்களே மறுபடி படித்தார்கள். விற்காத ஆல்பத்தையும் விடவில்லை. நான் தவிர்க்கச் சொன்ன மூன்றும் அதில் உண்டு.

எனக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி உறுத்துகிறது. முப்பது வருடம் நான் எழுதிய கோப்புகளை வரிசையாக எடுத்து, சொதப்பியதையும் சேர்த்து, ஆட்கள் முன்னால் வாசிக்கச் சொன்னால் வாசிப்பேனா?

அண்ணன் தம்பி சண்டை வராதா?

வந்தாலும் வெளியில் தெரிந்ததில்லை. ரசல் வீட்டில் ஸ்டூடியோ இருக்கிறது, அங்கேதான் வேலை. 2015-இல் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட் குழுவோடு சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டார்கள். அதில் ஒரு பாட்டின் தலைப்பு, கூட்டு முயற்சிகள் உருப்படாது. ஆல்பம் நன்றாக இருக்கிறது.

இன்னும் பாடுகிறார்களா?

பாடுகிறார்கள். 2023-இல், கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து, 1974 ஆல்பங்களை வெளியிட்ட பழைய ஐலண்ட் கம்பெனிக்கே திரும்பிப் போய் ஒரு ஆல்பம் போட்டார்கள். அதன் வீடியோவில் நடிகை கேட் பிளாஞ்செட் மஞ்சள் சூட் போட்டு ஆடுவார். பிரிட்டனின் கிளாஸ்டன்பரி இசைவிழா மேடையிலும் வந்து ஆடினார். 2025-இல் 'மேட்!'. அது பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது, அவர்கள் ஆல்பங்களிலேயே உச்சம். 1974-இல் தனிப்பாடலுக்கும் இரண்டாம் இடம், 51 வருடம் கழித்து ஆல்பத்துக்கும் இரண்டாம் இடம். அங்கே முதல் இடம் இன்னும் வரவில்லை. ரானுக்கு 80 ஆகிவிட்டது.

அந்த மதுரைக் கேசட் இருக்கிறதா?

இருக்கிறது. பரணில் இருந்து எடுத்தேன். பூஞ்சை பிடித்துவிட்டது, ஓடாது. ஓடினாலும் அதில் அந்தப் பாட்டு முழுதாக இல்லை. டேப் மிச்சம் இருந்த அளவுக்குத்தானே கடை அண்ணன் பதிந்தார்? பாட்டு சூடு பிடிக்கும் இடத்தில் டேப் தீர்ந்து பொத்தான் 'டக்' என்று மேலே வரும். நான்கு வருடமும் எனக்கு அந்தப் பாட்டு அவ்வளவுதான். 2021-இல் வீடியோவில் அந்த இடத்தைத் தாண்டிப் பாட்டு போய்க்கொண்டே இருந்தபோது, மகளைக் கூப்பிட்டு, "இது எனக்குத் தெரியாது, இது எனக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் காரில் அந்த இடம் வரும்போது என் விரல் தானாகக் கேசட்டைத் திருப்பிப் போடப் போகிறது.